யாருக்காகப் பிடித்த வெளிச்சம்?





கடந்த தை மாதம் என் அக்காள் மகன் திருக்கோவிலூருக்கு வந்திருந்தான். வேட்டை என்றால் அவனுக்கு உயிர். வேட்டைக்குப் போவதில்லை, கைப்பேசியில் பார்ப்பதோடு சரி. அன்றைக்கு எனக்கும் ஒரு காட்சியைக் காட்டினான். தென் ஆப்பிரிக்கப் பக்கம் ஒரு காடு, அந்தி நேரம். மரக்கிளையில் இறைச்சியைக் கட்டிவிட்டு, சிறுத்தைக்காக ஒருவர் மறைவில் காத்திருக்கிறார். துப்பாக்கியின் மேல் ஒரு தொலைநோக்கி. அதன் உள்ளே கூட்டல் குறிபோல இரண்டு கோடுகள். அவை கூடும் இடத்தில் குங்குமப் பொட்டுபோல ஒரு சிவப்புப் புள்ளி எரிகிறது. சிறிய பட்டன் பேட்டரியில் எரிவது அது. வெளிச்சம் விலங்கின் மேல் விழாது. சுடுகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். இருண்ட தோலின்மேல் கறுப்புக் கோடு தெரியாமல் போகும் நேரத்திலும் அந்தப் புள்ளி தெளிவாகத் தெரிவதால் குறி தப்பாதாம்.

"பாத்தீங்களா மாமா, ஒரே குண்டு. துடிக்கக்கூட இல்ல. நம்ம மலையில சுடுறதவிட இது பாவம் கம்மிதானே?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. வாய் வரவில்லை என்பதே உண்மை. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. வீட்டிலும் யாருக்கும் தெரியாது. இப்போது இதில் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில். பதினேழு வயதில் பெரியவர்களோடு முயல் வேட்டைக்குப் போயிருக்கிறேன். நாட்டுத் துப்பாக்கியை நம் பக்கத்தில் பலரும் அறிவார்கள். குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, மறுபடி இடிக்க வேண்டும். ஒருமுறை வெடித்தால் அடுத்த வெடிக்குத் தயாராகச் சில நிமிடம் ஆகும். குண்டு சிதறிப் போகும். எங்கே படும் என்று சுடுகிறவனுக்கே நிச்சயம் கிடையாது. துப்பாக்கி என் கையில் இருந்ததில்லை. என் கையில் இருந்தது டார்ச் லைட்.

வெளிச்சம் பிடிப்பது ஒரு வேலை. சோளத்தட்டை அறுத்த கொல்லையில் மெதுவாக வீசிக்கொண்டே போனால், தூரத்தில் இரண்டு கண்கள் கங்குபோல் மின்னும்.  இருட்டில் முயலுக்கு வழி காட்டுவதற்காகப் படைத்தவன் வைத்த கண்கள். அந்தக் கண்களே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். வெளிச்சத்தை அதன் முகத்திலிருந்து எடுக்காமல் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். முயல் ஓடாது. எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிடும்.

ஒரு நாள் முதல் முயல் சுருண்டது. இரண்டாவது அடிபட்டுப் புதருக்குள் போய்விட்டது. முயலுக்குக் குரல் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். பச்சைக் குழந்தை அழுவதுபோல் அது அழுதது. தேடினோம். பேட்டரி மங்கிக்கொண்டே வந்து அணைந்தது. அழுகை அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது. வீட்டுக்கு வந்து, கிடைத்த ஒன்றைச் சமைத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

ஆகையால் மருமகன் கேட்ட கேள்வியைச் சின்னப்பிள்ளை பேச்சு என்று என்னால் தள்ள முடியவில்லை. அந்தச் சிவப்புப் புள்ளி அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால், இரண்டாவது முயல் அழுதிருக்காது. கொல்லத்தான் வேண்டும் என்று வந்துவிட்ட இடத்தில், வலியில்லாமல் கொல்வது வலிக்கக் கொல்வதைவிட மேல். இதை மறுக்கிறவர் அடிபட்ட உயிரின் குரலைக் கேட்டிருக்க மாட்டார்.

ஆனால், "கொல்லத்தான் வேண்டும்" என்று வந்துவிட்டதா? தொலைநோக்கி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எப்படிச் சுடலாம் என்பதற்கு அது அருமையாகப் பதில் சொல்கிறது; எதற்குச் சுட வேண்டும் என்பது அதன் கண்ணாடியில் தெரியாது. கைக்கருவி நன்றாக இருக்கும்போது அந்தக் கேள்வி நம் மனதிலிருந்தும் மெல்ல நழுவிப் போகிறது. ஒரே குண்டில் முடிந்துவிட்டதே என்ற நிம்மதியில், முடிக்க வேண்டியிருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. கறுப்புக் கோடு தெரியாமல் போகிறது என்றானே, அந்த நேரத்தை யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் குறி தெரியாவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். "இன்றைக்குப் போதும்" என்று பொழுதே சொல்லிவிடும். அந்தி தொடங்கி விடியும்வரை காடு அவற்றுக்கு, பகல் நமக்கு என்று எழுதாத ஒரு பாகப்பிரிவினை இருந்தது. அடுத்தவன் பங்கில் வரப்பைத் தள்ளிப் போடுகிறவனை நம் ஊரில் என்ன சொல்வோம்?

வேட்டைக்காரர்களே இதை ஒரு காலத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, உரிமம் வாங்கி வேட்டையாட இந்த நாட்டில் இடமிருந்தது. அப்படி உரிமம் வைத்திருந்தவரும் சூரியன் மறைந்தபின் வேட்டையாடக் கூடாது, செயற்கை வெளிச்சம் பயன்படுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொன்னது. அடித்துப் போட்ட இரைக்குத் திரும்பி வரும் ஊனுண்ணி விலங்குக்கு மட்டும், தனி அனுமதி பெற்றால் விலக்கு. 1991-இல் வந்த திருத்தம் பொழுதுபோக்கு வேட்டைக்கான உரிமத்தையே எடுத்துவிட்டது. ஆக, கொல்வதை அனுமதித்த காலத்திலும் வெளிச்சம் போட்டுக் கொல்வதை நியாயமாக நினைக்கவில்லை. சட்டம் எழுதியவர்கள் எல்லாரும் ஜீவகாருண்யர்கள் அல்லர். இருந்தும் அந்த ஓர் இடம் அவர்களுக்கும் உறுத்தியிருக்கிறது.

விவசாயி என்ன செய்வான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டவனுக்குக் காட்டுப்பன்றி ஒரே இரவில் என்ன செய்யும் என்பது எனக்கும் தெரியும். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசே, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று வழி செய்தது. அப்படிச் சுட வேண்டி வருகிற வனக்காவலருக்கு நல்ல குறிநோக்கி இருக்கட்டும், சிவப்புப் புள்ளியோடே இருக்கட்டும் என்பேன். அவருக்கு அது வேலை. செய்து முடித்தால் வீட்டுக்குப் போய்விடுவார். ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏறிப்போய், சிறுத்தைத் தலையைச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறவர் கையிலும் அதே புள்ளிதான் எரிகிறது. அது மாறவில்லை, தேவைதான் மாறியிருக்கிறது.

நம்மவர்கள் ஒரு பெருமை பேசுவோம்: ஆடு கோழி பலி கொடுக்கும் வழக்கத்தை ஐயா விலக்கினார், நம் பதியிலோ தாங்கலிலோ இரத்தம் சிந்துவதில்லை என்று. உண்மைதான். தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதுதான் தர்மம் என்று ஐயா போதித்ததை வாய் நிறையச் சொல்கிறோம். வெளிச்சத்துக்கு முன்னால் அசைய முடியாமல் உட்கார்ந்திருந்த முயலைவிடத் தாழ்ந்து கிடந்த ஓர் உயிரை நான் பார்த்ததில்லை. "நான் சுடவில்லையே, லைட்தானே பிடித்தேன்" என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சுட்டவருக்குக் கண்ணாக இருந்தது யார்? நான் கையைத் தாழ்த்தியிருந்தால் அந்த இரவில் ஒன்றும் செத்திருக்காது.

நம் திருக்கோவிலூருக்கு வெளிச்சத்தைப் பற்றி வேறொரு கதை இருக்கிறது. மழை பெய்த இருட்டில் ஓர் இடைகழியில் ஒருவர் படுத்திருந்தார். இரண்டாமவர் வந்தபோது இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் வந்தபோது மூவரும் நின்றார்கள். முதலாழ்வார்கள் மூவர். நடுவே நாலாவதாக யாரோ வந்து நெருக்குவது தெரிந்தது. யாரென்று பார்க்க ஒருவர் உலகத்தையே அகலாக்கி விளக்கேற்றினார், இன்னொருவர் அன்பை அகலாக்கினார். நெருக்கியவர் நாராயணன் என்று தெரிந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. இருட்டில் பக்கத்தில் நிற்கிற உயிர் எது என்று அறிந்துகொள்ளத்தான் அவர்கள் விளக்கேற்றினார்கள் என்பது இந்த வயதில்தான் எனக்கு உறைக்கிறது. நானும் இருட்டில் வெளிச்சம் போட்டேன். எதிரே இரண்டு கண்கள் தெரிந்தன. அதற்கு மேல் எதையும் நான் பார்க்கவில்லை.

மாசியில் மருமகன் மறுபடி வந்தபோது, அந்த முயலைப் பற்றி அவனிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கைப்பேசியை எடுக்கவில்லை. பிறகு, "அந்த லைட் இப்ப எங்க மாமா?" என்று மட்டும் கேட்டான். அந்த டார்ச் எப்போதோ தொலைந்துவிட்டது. மோட்டார் கொட்டகையில் தலையில் மாட்டுகிற லைட் ஒன்று கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். அன்றிரவு கொல்லையில் பன்றி விரட்ட இரண்டு பேரும் போனோம். அவன் தகரத்தைத் தட்டினான், நான் சத்தம் போட்டேன். வரப்புக்கு அந்தப் பக்கம் தாயும் குட்டிகளுமாக ஐந்தாறு ஓடியது தெரிந்தது. அவன் லைட்டை அணைத்துவிட்டு, அவை போகட்டும் என்று நின்றான்.