மறுக்க வழியில்லாத இசைவு

ஒருவருடைய இசைவு ஒரு செயலின் அறத்தன்மையையே மாற்றிவிடும் என்பது அறவியலின் மிகப் பழைய கருத்துகளுள் ஒன்று. உரியவர் அறியாமல் எடுத்தால் களவு எனப்படுவது, அவர் மனமுவந்து தந்தால் கொடையாகிறது. உடலைக் கத்தியால் கீறுவது வன்செயலாக இருக்க, நோயாளி கேட்டறிந்து சம்மதித்தபின் அதே கீறல் அறுவை மருத்துவமாகிறது. செயலின் புறவடிவம் மாறாதிருக்க அதன் தகுதி மட்டும் தலைகீழாவதற்கு இசைவே காரணம் என்பதால், கொடுக்கப்பட்ட இசைவு மெய்யானதுதானா என்ற வினாவை அறவியலார் ஒருபோதும் எளிதாகக் கடந்து சென்றதில்லை. பயனரின் தொடர்புகள், இருப்பிடம், தேடல்கள், வாங்கும் பழக்கங்கள் ஆகியவற்றைத் திரட்டி விளம்பரத் தொழிலுக்கு மூலப்பொருளாக்கும் பெருநிறுவனங்கள், தம் செயலுக்கு நியாயம் கேட்கப்படும்போதெல்லாம் பெரும்பாலும் சுட்டிக்காட்டுவது, பயனர் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார் என்பதையே. களவைக் கொடையாக்கும் ஆற்றல் அந்த ஓர் அழுத்தலுக்கு உண்டா என்பதே இங்கு ஆராய்வதற்குரியது.

இசைவுக்கு முதல் தேவை அறிவு. எதற்கு இசைகிறோம் என்று தெரியாதவர் எதற்கும் இசையவில்லை. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, சராசரி இணையப் பயனர் ஒருவர் தாம் செல்லும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை, அதாவது தம்மைப் பற்றிய தரவுகளை அத்தளங்கள் என்ன செய்யும் என்று அறிவிக்கும் ஆவணங்களை, முழுமையாகப் படிக்க ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டியிருக்கும். கைப்பேசிச் செயலிகள் பரவுவதற்கு முந்தைய கணக்கு இது. 2010 ஏப்ரல் முதல் நாளன்று பிரிட்டனின் கேம்ஸ்டேஷன் என்னும் கணினி விளையாட்டு விற்பனை நிறுவனம், பொருள் வாங்குவோர் தம் அழிவற்ற ஆன்மாவை நிறுவனத்துக்கு உரிமையாக்குகிறார்கள் என்றொரு வரியைத் தன் விற்பனை நிபந்தனைகளுக்குள் விளையாட்டாகச் செருகி வைத்தது. அதைக் கண்டு மறுப்பவருக்கு 5 பவுண்டு பரிசுச் சீட்டும் காத்திருந்தது. மறுத்தவர்கள் மிகச் சிலர். ஏறத்தாழ 7,500 பேர் ஆன்மாவை எழுதிக் கொடுத்துவிட்டு விளையாட்டை வாங்கிச் சென்றார்கள்.

சமயவாணர் எவரும் இந்த விற்பனையைச் செல்லும் என்று கொள்ளமாட்டார். ஐரோப்பியக் கதைமரபின் ஃபாஸ்ட்கூடப் பேயோடு பேரம் பேசி, விலை அறிந்து, தெரிந்தே கையெழுத்திட்டவன். அவனுடைய வீழ்ச்சிக்கு ஒரு கம்பீரம் இருந்தது. சைவ சித்தாந்த நோக்கிலோ சிக்கல் இன்னும் அடிப்படையானது: பசு எனப்படும் உயிர் பதியாகிய இறைவனுக்கு ஆட்பட்டது என்பதால், விற்கும் உரிமையே உயிருக்கு இல்லை. கேம்ஸ்டேஷனும் அந்த உரிமையை நிலைநாட்டப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. ஆனால் ஆன்மாவைப் பற்றிய அந்த ஒரு வரி செல்லாது என்று சிரிக்கும் எவரும், அதே ஆவணத்தில் அதே அழுத்தலால் ஏற்கப்பட்ட பிற வரிகள் மட்டும் எப்படிச் செல்லும் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியவராகிறார்.

படிக்காத ஒன்றைப் ‘படித்து ஏற்றுக்கொண்டேன்’ என்று நாள்தோறும் உறுதிமொழிவது பொய்யாகுமா என்பது இதிலிருந்து கிளைக்கும் வினா. பொய்யைப் பற்றித் தனிநூல் எழுதிய கிறித்தவ அறிஞர் அகஸ்டின், பிறரை ஏமாற்றும் நோக்கத்தைப் பொய்யின் உயிர்நாடியாகக் கருதினார். அவ்வளவுகோலின்படி இங்குப் பொய்யே இல்லை: பயனர் படிக்கவில்லை என்பது நிறுவனத்துக்குத் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியும் என்பது பயனருக்கும் தெரியும். பிறருக்குத் தீங்கு விளையாமையை வாய்மைக்கு இலக்கணமாக்கிய வள்ளுவரின் நோக்கிலும் சொல்பவர்மீது குற்றம் சாராது, ஏனெனில் தீங்கு நேர்ந்தால் அது அவருக்கே நேர்கிறது. இம்மானுவேல் கான்ட் இவ்வளவு இலகுவாக விடமாட்டார். 1797இல் வெளியான அறவியல் நூலில் அவர் பொய்மையை, பிறருக்கு விளையும் தீங்கைக் கணக்கில் கொள்ளாமலேயே, மனிதர் தமக்குத் தாமே ஆற்ற வேண்டிய கடமையிலிருந்து வழுவுவதாக வகைப்படுத்தினார். யாரும் நம்பாத, யாரும் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கப்படாத ஒரு வாசகத்தைக் கோடிக்கணக்கானோர் ஓயாமல் மொழிந்துகொண்டிருக்க, சட்டம் மட்டும் அதை மெய்யென்று ஏற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் ஏதோ இழிவு இருக்கிறது என்று பலரும் உள்ளூர உணரும் எரிச்சலுக்குக் கான்ட்டின் விளக்கமே நெருங்கி வருகிறது.

இதற்கு மாற்றாக ஒரு வாதம் எழக்கூடும். பொருள் அறியாமல் மொழியப்படும் வாசகங்களும் கட்டுப்படுத்தும் என்பதற்குச் சடங்குகளே சான்று எனலாம். ஒரு கிரியையின் தொடக்கத்தில், இடம், காலம், பெயர், நோக்கம் ஆகியவற்றைச் சொல்லி இதைச் செய்யப்போகிறேன் என்று உறுதிகொள்வது சங்கல்பம் எனப்படும். புரோகிதர் வடமொழியில் சொல்லச் சொல்ல, அம்மொழி அறியாத இல்லறத்தார் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். ஆயினும் தந்தையின் திதிக்காக அமர்ந்திருப்பவருக்குத் தாம் ஏன் அங்கே அமர்ந்திருக்கிறோம் என்பது தெளிவாகத் தெரியும். சொல் விளங்காவிட்டாலும் கருத்து அவருடையது. திதிக்கு வந்தவரின் வாயால் வீட்டுப் பத்திரத்தை எழுதித் தருவதாகவும் சேர்த்துச் சொல்லவைக்கும் புரோகிதரை எவரும் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். பொத்தானை அழுத்துபவரிடமும் ஒரு கருத்து இருக்கிறது: மகளுக்குப் படம் அனுப்புவது, திரைப்படம் பார்ப்பது, பயணச்சீட்டு எடுப்பது. இசைவு அந்தக் கருத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆவணமோ அதைத் தாண்டி நெடுந்தூரம் போகிறது. எவ்வளவு தூரம் என்பதற்கு 2024இல் வெளிச்சத்துக்கு வந்த டிஸ்னி வழக்கு சான்று. ஃபுளோரிடாவில் டிஸ்னி வளாகத்து உணவகம் ஒன்றில் உண்டபின் ஒவ்வாமையால் இறந்துபோன பெண்ணின் கணவர் இழப்பீடு கோரியபோது, அவர் 2019இல் டிஸ்னியின் திரைப்படச் சேவைக்குச் சோதனைச் சந்தா எடுத்தபோதே வழக்குமன்றம் செல்லும் உரிமையை விட்டு நடுவர் தீர்ப்புக்கு உடன்பட்டுவிட்டார் என்று அந்நிறுவனம் வாதிட்டது. பொதுமக்களின் கண்டனத்துக்குப் பிறகே அவ்வாதம் திரும்பப் பெறப்பட்டது.

அறிவுக்கு அடுத்தபடியாக இசைவுக்குத் தேவையானது, மறுக்கும் வாய்ப்பு. தத்துவ வரலாற்றில் இவ்வினா முதலில் அரசைக் குறித்தே எழுந்தது. ஒரு நாட்டின் சாலையில் நடப்பவர்கூட அந்நாட்டு அரசுக்குச் சொல்லாமலே இசைவு தந்தவராகிறார் என்று ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார்; சொல்லாமல் தரும் இவ்விசைவை உள்ளுறை இசைவு எனலாம். 1748இல் டேவிட் ஹியூம் இதற்கு எழுதிய மறுப்பு இன்றும் கூர்மை குன்றாதது. உறக்கத்தில் கப்பலுக்குத் தூக்கிவரப்பட்ட ஒருவர், கடலில் குதித்து உயிர்விடுவதைத் தவிர அதைவிட்டு நீங்க வேறு வழியற்றவர், கப்பலில் தொடர்ந்து இருப்பதாலேயே தலைவனின் ஆட்சிக்கு மனமுவந்து இசைந்துவிட்டார் என்று சொல்வது எத்தகைய நியாயம் என்பது அவர் கேள்வி.

கைப்பேசியைச் சூழ்ந்து கடல் ஏதும் இல்லை, செயலியை நீக்க ஒரு விரலசைவு போதும், கப்பல் உவமை இங்குப் பொருந்தாது என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். இந்தியாவில் வாட்ஸ்அப் செயலிக்கு 2021இல் நேர்ந்தது இந்த மறுமொழியைச் சோதிக்க நல்ல களம். 2016இல் ஃபேஸ்புக்குடன் தரவைப் பகிரும் கொள்கையை அச்செயலி கொண்டுவந்தபோது, அப்போதிருந்த பயனர்களுக்கு விலகிக்கொள்ள 30 நாள் வாய்ப்பிருந்தது. 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய கொள்கையில் அத்தகைய வாய்ப்பு இல்லை. ஏற்க வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். எதிர்ப்பு வலுத்ததால் பிப்ரவரி 8 என்ற கெடு மே 15க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பலர் சிக்னல், டெலிகிராம் போன்ற செயலிகளை அவசரமாகத் தரவிறக்கினார்கள். பிறகு அவற்றில் பேச ஆளில்லாமல் வாட்ஸ்அப்பிலேயே நீடித்தார்கள். பள்ளியின் வீட்டுப்பாடக் குழு, அடுக்குமாடிக் குடியிருப்போர் குழு, பங்காளிகளின் குழு எல்லாம் அங்கேதான் இருந்தன. ஒரு சேவையின் பயன் அதில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உயர்வதைப் பொருளியலார் வலைப்பின்னல் விளைவு என்பர். 40 கோடிக்கு மேற்பட்டோர் ஏறியுள்ள கப்பலில், ஹியூம் சொன்ன கடல் என்பது உறவுகள் இல்லாத வெறுமைதான். இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய்நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் தண்டம் விதித்தபோது, ஏற்றுக்கொள் அல்லது விலகு என்ற அந்நிபந்தனையையே நியாயமற்ற திணிப்பாகக் கண்டது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், விளம்பரத்துக்காகத் தரவைப் பகிரக்கூடாது என்ற ஐந்தாண்டுத் தடையை நீக்கினாலும், தண்டத்தை உறுதிசெய்தது.

அச்சத்தின்கீழ்ச் செய்த உடன்படிக்கையும் கட்டுப்படுத்தும் என்று கருதிய தாமஸ் ஹாப்ஸ் நிறுவனங்களுக்குக் கைகொடுக்கக்கூடும். அரிஸ்டாட்டிலின் ஆய்வு இதைவிட நுட்பமானது. புயலில் கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறியும் மாலுமியின் செயலை அவர் கலப்புச் செயல் என்றார்: அக்கணத்தில் அவரே தேர்ந்தெடுக்கிறார், ஆனால் புயல் இல்லையேல் எவரும் அதைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். அரிஸ்டாட்டிலின் புயல் இயற்கையுடையது. இணையத்தில் அடிக்கும் காற்றோ வடிவமைப்பாளரின் மேசையில் உருவாவது. பயனரை அவர் விரும்பாத தேர்வுக்குத் தள்ளும்படி திட்டமிட்டு அமைக்கப்படும் திரைகளுக்கு ‘இருண்ட வடிவங்கள்’ என்று 2010இல் வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் பெயரிட்டார். அமேசானின் பிரைம் சந்தாவிலிருந்து விலகும் வழிமுறைக்கு நிறுவனத்துக்குள் வழங்கிய பெயர் ‘இலியட்’ என்பது அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் தொடுத்த வழக்கில் சுட்டிக்காட்டப்பட்டது. 24 காண்டங்கள் கொண்ட அந்தக் கிரேக்கப் போர்க்காவியத்தின் பெயரைத் தேர்ந்தவர்கள் தாம் கட்டியதன் நீளத்தை நன்கறிந்தே இருந்திருக்க வேண்டும். 2025இல் 250 கோடி டாலர் செலுத்த இணங்கி அமேசான் அவ்வழக்கை முடித்துக்கொண்டது. நுழைவாயில் ஓர் அழுத்தலிலும் வெளிவாயில் ஒரு காவியத்திலும் அமைந்திருக்குமானால், நுழைந்தபோது தரப்பட்ட இசைவு நாளாக நாளாகத் தேய்ந்துவிடும். ஏனெனில் தொடரும் உறவில் இசைவு என்பது ஒவ்வொரு நாளும் விலகாதிருப்பதன் வழியாகவே புதுப்பிக்கப்படுகிறது.

ஐரோப்பா இந்நோய்க்குக் கண்ட மருந்து இசைவை இன்னும் தெளிவாகக் கேட்கச் செய்வது. உலாவியில் தளங்கள் இட்டுவைக்கும் அடையாளக் குறிப்புகளாகிய குக்கிகளுக்கு, முன்பே குறியிடப்பட்ட பெட்டியைக் காட்டி இசைவு பெற முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பது எளிதாகவும் மறுப்பது கடினமாகவும் இருந்ததற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. நல்ல நோக்கமே; ஆனால் விளைவு, செய்தித்தளம் ஒன்றைத் திறப்பவர் செய்திக்கு முன் ஒரு பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டியிருப்பது. கேள்வி பெருகப் பெருக விடையின் எடை குறைகிறது.

இசைவைத் திருத்துவதைவிட, இசைவால் நியாயமாக்க முடியாதவை எவை என்று வரையறுப்பதே ஒழுங்கான வழி. தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை சுதந்திரத்தில் அடங்காது என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதினார். இந்திய அனுபவம் இதைவிட நேரடியானது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம், கைநாட்டு வைத்தவருக்கு எழுத்தறிவு கொடுத்துவிட்டு மீண்டும் கேட்கும்படி சொல்லவில்லை. பத்திரத்தை எளிய நடையில் எழுதும்படியும் சொல்லவில்லை. கொத்தடிமை ஒப்பந்தங்களையே செல்லாதவையாக்கி, கடனையும் அழித்தது. 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே சென்று, வேறு வழியே இல்லாத வறுமை ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலைசெய்ய வைத்தால், அடியும் உதையும் இல்லாவிட்டாலும் அது கட்டாய உழைப்பே என்றது. செங்கல் சூளையின் துயரத்தையும் திரைமுன் அமர்ந்தவரின் சலிப்பையும் ஒரே தட்டில் வைப்பது முறையாகாது. எனினும் மாற்றுவழி இன்மையே ஒருவகைக் கட்டாயம் என்ற அக்கோட்பாடு துயரின் அளவைச் சார்ந்ததன்று. வயது வந்தவர்களைக் குழந்தைகளாக நடத்துவதாக இவ்வாறு வரையறுக்கும் வழியின்மேல் குற்றம் சாட்டப்படுவதுண்டு. கலப்பட உணவுக்கு இசைவு கேட்காமலேயே அதைத் தடைசெய்யும் சட்டத்தின்மீது அக்குற்றத்தை யாரும் சாட்டுவதில்லை.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு நோக்குகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிறது. இசைவு சுதந்திரமானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும், தந்த அளவு எளிதாகவே அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்று அது சொல்கிறது. அதே வேளையில், தரவைக் கையாளும் நிறுவனத்துக்கு அது சூட்டியிருக்கும் பெயர் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற பொருளுடையது. நம்பிக்கைப் பொறுப்பு என்பது அறங்காவலருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளதுபோல, மற்றவர் நலனைத் தன் நலனுக்கு முன் வைக்கும் கடமை. கோயில் நிலத்தின் அறங்காவலர் அந்நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பக்தர்களின் கையொப்பம் தம்மிடம் இருக்கிறது என்று வாதிட முடியாது. மூலவரிடம் எந்த வழக்குமன்றமும் இசைவு கேட்டதில்லை, ஆனால் காவலரின் கடமை அதனால் குறைந்ததும் இல்லை. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, நிறுவனங்கள்மீதான முதன்மைக் கடமைகள் பதினெட்டு மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதன்பின் எழும் முதல் பெரிய வழக்கில், பயனர் அழுத்திய பொத்தானா, நிறுவனம் ஏற்ற அந்தப் பெயரா, எது தீர்ப்புக்கு அடிப்படையாகும் என்பதை இச்சட்டத்தின் வாசகம் இன்னும் முடிவுசெய்யவில்லை.