கவனமும் ஓர் அமானிதமே!

 



ஜும்ஆவில் இமாம் முதல் குத்பாவை முடித்ததும் மிம்பரில் சற்று நேரம் உட்காருகிறார். பிறகு எழுந்து இரண்டாவது குத்பாவைத் தொடங்குகிறார். நபி (ஸல்) அவர்கள் இரண்டு குத்பாக்களுக்கு இடையே அமர்வார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். (புகாரி: 928) ஹனஃபி மத்ஹபில் அந்த அமர்வு ஸுன்னத். ஷாஃபிஈ மத்ஹபில் குத்பா நிறைவேறுவதற்கே அது நிபந்தனை.

இதே குத்பாவை வீடியோ எடுத்து ஒரு எடிட்டரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் முதலில் வெட்டி எறிவது அந்த அமர்வைத்தான். அங்கே பேச்சும் இல்லை, அசைவும் இல்லை. பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார் என்பது அவருடைய தொழில் கணக்கு.

மார்க்கம் வேண்டும் என்று வைத்த இடைவெளி, எடிட்டிங்கில் கழிவாகிவிடுகிறது. எனவே இன்று இரண்டு கேள்விகளைச் சிந்திப்போம். ஒருவருடைய கவனத்தைப் பிடித்து வைப்பதற்காக எதை வேண்டுமானாலும் செய்யலாமா? நம்முடைய கவனத்தை யார் இழுத்தாலும் கொடுத்துவிடலாமா?

வேகம் எப்படி வந்தது?

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குப் படம் காட்டினார்கள். ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 50 விநாடி. கேமராவை ஓரிடத்தில் வைத்து, நடப்பதை அப்படியே எடுத்திருந்தார்கள். வெட்டு என்பதே கிடையாது. நமக்குப் பக்கத்திலுள்ள திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். படம் அசைவதே அன்று மக்களுக்கு அதிசயமாக இருந்தது.

பிறகு காட்சிகளை வெட்டி ஒட்டும் கலை வளர்ந்தது. ஹாலிவுட் படங்களை ஆராய்ந்த டேவிட் போர்ட்வெல் ஒரு கணக்குச் சொல்கிறார். 1930 முதல் 1960 வரை ஒரு ஷாட் சராசரியாக 8 முதல் 11 விநாடி திரையில் நின்றது. 1990களின் இறுதியில் அது 3 முதல் 6 விநாடியாகக் குறைந்துவிட்டது. 1981ல் அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியபோது பாடல் வீடியோக்கள் அந்த வேகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தன. முன்பு பிலிமைக் கத்தரித்து ஒட்ட வேண்டும். கம்ப்யூட்டர் வந்ததும் ஒரு பட்டனைத் தட்டினால் போதும் என்றானது. இன்று பள்ளிக்கூடப் பிள்ளையின் செல்போனிலேயே எடிட்டிங் செயலி இருக்கிறது.

இன்றைய ரீல்ஸைக் கவனியுங்கள். பேசுபவர் மூச்சு விடும் இடமெல்லாம் வெட்டப்பட்டிருக்கும். முகம் திடீரென்று பெரிதாகும், சிறிதாகும். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துள்ளி வரும். இடையிடையே 'டப்' என்று ஒரு சத்தம். முடிவு வந்ததே தெரியாமல் மீண்டும் முதலிலிருந்து ஓடும். முதல் 3 விநாடியில் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம்.

இது ஏன் வேலை செய்கிறது? புதரில் சலசலப்புக் கேட்டால் நம் தலை தானாகத் திரும்புகிறது. யோசித்துத் திரும்புவதில்லை, திரும்பிய பிறகுதான் யோசிக்கிறோம். பாம்பிலிருந்து நம்மைக் காப்பாற்ற அல்லாஹ் வைத்த ஏற்பாடு இது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் இதை 'என்ன அது?' என்று கேட்கும் அனிச்சைச் செயலாக விளக்கினார். திரையில் காட்சி சட்டென்று மாறும்போதும் மூளை அப்படித்தான் விழித்துக்கொள்கிறது என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு சலசலப்பு. ஆனால் புதரில் பாம்பு இல்லை.

தடை போட்டும் நிற்கவில்லை

நம் மாவட்டம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. அந்தக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று, டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடை செய்யும்படி மத்திய அரசுக்கு இடைக்கால உத்தரவிட்டது. ஏப்ரல் 24 அன்று நிபந்தனைகளோடு அது விலக்கப்பட்டது. பின்னர் 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசே டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது.

அதன் பிறகு என்ன நடந்தது? அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் தன்னுடைய ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. நீதிமன்றத்தின் கவலை ஆபாசமும் பிள்ளைகளின் பாதுகாப்பும். அரசின் கவலை நாட்டின் பாதுகாப்பு. இரண்டும் நியாயமானவை. ஆனால் செயலி போயிற்று, பழக்கம் போகவில்லை. வெளியே போடும் தடையால் உள்ளே இருக்கும் ருசியை எடுக்க முடியாது.

2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸில் ஒரு வீடியோ ஓடத் தொடங்கினாலே அது ஒரு 'பார்வை' என்று கணக்கிடப்படுகிறது. இவ்வளவு நேரமாவது பார்த்திருக்க வேண்டும் என்ற அளவு கிடையாது. நாம் பார்த்தோமா, புரிந்துகொண்டோமா என்பது அந்தக் கணக்கில் வராது. கண் அந்தப் பக்கம் போனால் போதும்.

அபூ ஜஹ்மின் ஆடை

அன்புச் சகோதரர்களே! கண் போவதற்கும் உள்ளம் போவதற்கும் உள்ள தொடர்பை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித் தந்திருக்கிறார்கள். வேலைப்பாடுகள் கொண்ட ஓர் ஆடையை அணிந்து அவர்கள் தொழுதார்கள். தொழுகையில் அந்த வேலைப்பாடுகளின் மீது ஒருமுறை பார்வை சென்றது. தொழுது முடித்ததும் அந்த ஆடையை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள வேலைப்பாடு இல்லாத ஆடையை வாங்கி வரச் சொன்னார்கள். தொழுகையிலிருந்து தம் கவனத்தை அது திருப்பிவிட்டது என்று காரணமும் சொன்னார்கள். (புகாரி: 373)

அந்த ஆடை ஹராமானது அல்ல; அதைக் குறை சொல்லவும் இல்லை. அன்பளிப்பைத் திருப்பித் தந்துவிட்டார்களே என்று அபூ ஜஹ்மின் மனம் வருந்தக் கூடாது என்பதற்காகவே அவரிடமிருந்து வேறொன்றைக் கேட்டு வாங்கினார்கள் என்று அறிஞர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அசையாத துணியிலிருந்த கோடுகள் அவை. ஒரேயொரு பார்வை. அதற்கே அதைத் தம்மை விட்டும் அகற்றினார்கள். ஆகுமான பொருளாக இருந்தாலும் உள்ளத்தை இழுத்துக்கொண்டு போனால் தள்ளி வைக்கலாம் என்பது இதில் நமக்குப் பாடம்.

தொழுகையில் அங்குமிங்கும் திரும்பிப் பார்ப்பது பற்றி ஆயிஷா (ரலி) கேட்டபோது, அடியானின் தொழுகையிலிருந்து ஷைத்தான் பறித்துக்கொள்ளும் பறிப்பு அது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். (புகாரி: 751) 'இக்திலாஸ்' என்பது அங்கே வரும் சொல். உடையவன் அசந்திருக்கும் நேரத்தில் சட்டென்று பறித்துக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் அது. கவனம் நம்முடைய பொருள். அதைப் பறிக்கவும் முடியும், பறிகொடுக்கவும் முடியும் என்பது இந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

விரும்பித்தானே பார்க்கிறார்கள்?

'யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, அவர்களே விரும்பித்தானே பார்க்கிறார்கள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விருப்பத்தையே செயற்கையாகக் கிளப்பிவிடுவதை நம் ஃபிக்ஹு கவனிக்காமல் விடவில்லை.

வியாபாரத்தில் 'நஜ்ஷ்' என்று ஒன்று உண்டு. வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் ஏலத்தில் விலையை ஏற்றிக் கேட்பார். அதைப் பார்த்து இன்னொருவருக்கு ஆசை கிளம்பும். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். (புகாரி: 2142) அங்கேயும் யாரும் கையைப் பிடித்து வாங்க வைக்கவில்லை. வாங்கியவர் விரும்பித்தான் வாங்கினார். அந்த விருப்பம் பொய்யாக மூட்டப்பட்டது என்பதுதான் குற்றம். அரபு மொழியில் 'நஜ்ஷ்' என்றால், பதுங்கியிருக்கும் வேட்டைப் பிராணியை வேட்டைக்காரனுக்காகக் கலைத்துவிடுவது.

வேகமான எடிட்டிங் எல்லாம் ஹராம் என்று ஃபத்வா சொல்ல நான் இதைக் கூறவில்லை. சொல்ல எதுவும் இல்லாதபோது வெறும் சத்தத்தாலும் அசைவாலும் ஒருவரைக் கலைத்து வலைக்குள் கொண்டுவருவதை இந்த வெளிச்சத்தில் சிந்தித்துப் பாருங்கள் என்கிறேன்.

வெட்டு எல்லாம் தவறா?

இல்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021 ஜூலையில் 1 கோடி சந்தாதாரர்களை எட்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் யூடியூப் சேனல் அதுதான். பல மணி நேரச் சமையலைச் சில நிமிடங்களில் காட்டுகிறார்கள் என்றால் அங்கேயும் நிறைய வெட்டுகள் இருக்கின்றன. ஆனால் நறுக்குவதும் அரைப்பதும் கொதிப்பதும் அதனதன் சத்தத்தோடு, நடந்த வரிசையில் வருகின்றன. முதலில் என்ன, பிறகு என்ன என்று பார்ப்பவருக்குப் புரிகிறது. புரிய வைப்பதற்காக வெட்டுவது வேறு. புரியும் முன்பே அடுத்ததற்கு இழுப்பதற்காக வெட்டுவது வேறு.

அதேபோல் சுருக்கம் வேறு, அவசரம் வேறு. தொழுகையை நீட்டுவதும் குத்பாவைச் சுருக்குவதும் ஒருவருடைய மார்க்க ஞானத்தின் அடையாளம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அம்மார் (ரலி) அறிவிக்கிறார்கள். (முஸ்லிம்: 869) பயான் செய்யும் எங்களுக்கு இது முதல் பாடம்! ஆனால் அந்தச் சுருக்கமான பேச்சை நபியவர்கள் எப்படிப் பேசினார்கள்? மற்றவர்களைப் போல் வேகவேகமாக அடுக்கிக்கொண்டே போகமாட்டார்கள் என்கிறார்கள் ஆயிஷா (ரலி). (புகாரி: 3568) புரிந்துகொள்ளப்படுவதற்காக ஒரு சொல்லை மூன்று முறை திருப்பிச் சொல்வார்கள் என்கிறார்கள் அனஸ் (ரலி). (புகாரி: 95) குறைவான சொற்கள், நிறைய இடைவெளி. ரீல்ஸில் இது தலைகீழாக இருக்கிறது.

பயான் ரீல்ஸ் போடும் தம்பிமார்களுக்கு

மார்க்கத்தை எடுத்துச் சொல்ல இந்த வழியைப் பயன்படுத்தும் இளைஞர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆர்வத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆனால் மற்றவர்களை அளக்கும் அதே கோலால் நம்மையும் அளக்க வேண்டும்.

குர்ஆனில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்தக் கூடாது என்பதற்கு 'வக்ஃப்' அடையாளங்கள் இருப்பதை மக்தபில் ஓதிய ஒவ்வொருவரும் அறிவீர்கள். மாஊன் சூராவில் தொழுகையாளிகளுக்குக் கேடு என்று வருகிற இடத்தோடு பேச்சை முடித்துவிட்டால், எந்தத் தொழுகையாளிகள் என்பது போய்விடும். தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்கள் என்று அடுத்த ஆயத் வந்த பிறகுதான் பொருள் நிறைவாகிறது. 40 நிமிட பயானிலிருந்து 40 விநாடியை எடுக்கும்போது, 'ஆனால்' என்று ஆலிம் சொன்ன நிபந்தனை வெட்டுப்பட்டுப் போனால், அவர் சொல்லாததை அவர் பெயரில் சொன்னவர்கள் ஆகிவிடுவோம்.

ஹஃப்ஸ் கிராஅத்தில் நான்கு இடங்களில் 'ஸக்தா' உண்டு. மூச்சு விடாமல் ஒரு கணம் குரலை நிறுத்தி ஓத வேண்டும். கஹ்ஃப், யாஸீன், கியாமா, முதஃப்ஃபிஃபீன் ஆகிய சூராக்களில் அவை வருகின்றன. அந்த மௌனத்தையும் ஓதலின் பகுதியாகவே உஸ்தாதுமார்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

எனவே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வெட்டால் பொருள் மாறுகிறதா? பயமுறுத்தும் தலைப்பில் இருப்பது வீடியோவுக்குள் இருக்கிறதா? பார்த்தவர் ஒரு கணமாவது நின்று யோசிக்க இடம் இருக்கிறதா? எடிட்டிங்கையே தொழிலாகச் செய்யும் பிள்ளைகளுக்கும் இதுதான் நஸீஹத். உங்கள் உழைப்பு ஹலாலான உழைப்பு. அடுத்தவருடைய நேரத்தை அமானிதமாக நினைத்துச் செய்தால் அதில் பரக்கத்தும் உண்டு.

நம் வீடுகளில்

2011ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு வேகமான கார்ட்டூன், சிலருக்கு நிதானமான கார்ட்டூன், சிலருக்குப் படம் வரையத் தாளும் வண்ணமும். வெறும் 9 நிமிடம்தான். வேகமான கார்ட்டூனில் சராசரியாக 11 விநாடிக்கு ஒருமுறை காட்சி முழுவதும் மாறியது. நிதானமானதில் 34 விநாடிக்கு ஒருமுறை. முடிந்த உடனே சோதித்தபோது, வேகமானதைப் பார்த்த பிள்ளைகள் பொறுமையிலும் கட்டுப்பாட்டிலும் பின்தங்கினார்கள். வேகத்தோடு, நடக்கவே முடியாத கற்பனைக் காட்சிகளும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். இது அந்த நேரத்து விளைவுதான். ஆனாலும் சோறு ஊட்டுவதற்காகக் குழந்தையின் கையில் செல்போனைக் கொடுக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவசரமாகத் தொழுதுவிட்டு வந்த ஒருவரை, நீர் தொழவே இல்லை, திரும்பப் போய்த் தொழும் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். (புகாரி: 757) ருகூவில் நிலைகொள்ள வேண்டும், எழுந்து நேராக நிற்க வேண்டும், இரண்டு ஸஜ்தாவுக்கு நடுவே அமைதியாக அமர வேண்டும் என்று கற்றுக் கொடுத்தார்கள். அவர் ருகூவையும் ஸஜ்தாவையும் விட்டுவிடவில்லை. அவற்றில் இருக்க வேண்டிய நிதானத்தைத்தான் வெட்டியிருந்தார். தக்பீர் கட்டும் வரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்த விரல், ஸலாம் கொடுத்ததும் மீண்டும் அதைத் தேடுகிறது என்றால், இடையிலுள்ள நான்கு ரக்அத்தில் உள்ளம் எங்கே இருந்திருக்கும்?

குத்பா நேரத்தில் தரையிலுள்ள சிறு கற்களைத் தொட்டு விளையாடியவர்கூட வீணான காரியம் செய்துவிட்டார் என்பது ஹதீஸ். (முஸ்லிம்: 857) இன்று பள்ளியில் கற்கள் இல்லை; சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது.

எனவே பாங்கு சொன்னதும் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தொழுதபின் திக்ரு, துஆ முடியும் வரை உட்காருங்கள். மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே வீட்டில் எல்லாருடைய செல்போனும் ஓரிடத்தில் இருக்கட்டும். பிள்ளைகளுடையது மட்டுமல்ல, அத்தாவுடையதும்தான். முதல் சில நாட்கள் சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை நம்மிடம் பேசத் தொடங்குவதும், குர்ஆன் ஓத மனம் வருவதும் அந்தச் சலிப்பைத் தாண்டித்தான்.

செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் விசாரணை உண்டு என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். (அல்குர்ஆன் 17:36) அன்று எந்தக் கம்பெனியும் நமக்காகப் பதில் சொல்லாது.

வல்ல ரஹ்மான் நம் பார்வையையும் செவியையும் உள்ளத்தையும் அவனுக்குப் பொருத்தமானவற்றில் நிலைக்கச் செய்வானாக! நம் தொழுகைகளில் உள்ளச்சத்தையும், நம் பிள்ளைகளுக்குப் பொறுமையையும், நம் நேரங்களில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.