தீபாவளி வாரம்

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பதுளை டவுனில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஸ்பிரிங்வெளி என்று எல்லாப் பக்கத்து பஸ்களும் மிதிபலகை வரை ஆள் ஏற்றி வந்து இறக்கிவிடும். செருப்புக் கடையில் நிற்கிற அம்மாவின் கையில் நாலைந்து ஈர்க்குச்சிகள் இருக்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் விட்டுவந்த பிள்ளைகளின் பாதத்தை அளந்து, அந்தந்த நீளத்துக்கு ஒடித்து, கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்தவை. எது மூத்தவனுடையது, எது சின்னவளுடையது என்று அவளுக்குத்தான் தெரியும். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் குச்சியைச் செருப்புக்குள் வைத்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். மத்தியானம் தாண்டினால் ஐப்பசி மழை இடியோடு இறங்கும். நமுனுகுல மலையின் உச்சி மேகத்துக்குள் போய்விடும். எனக்கு இதைவிட அழகான ஊர் தெரியாது.

அன்றைக்குத் தொடங்கினால் ஒரு வாரத்துக்கு ஓய்வே இல்லை. கொழும்பில் வேலை பார்க்கும் நாங்கள் வந்து சேர்ந்ததும் முதலில் செய்வது வீடு வீடாகப் போவதுதான். மேல் லயத்தில் தொடங்கினால் கடைசிக் காம்பரா வரை போயாக வேண்டும். நடுவில் ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் அந்த மனக்குறை அடுத்த தீபாவளி வரை நிற்கும். இஸ்தோப்பில் பாயை விரிப்பார்கள், முறுக்கும் அதிரசமும் வரும், தேத்தண்ணி வரும். “எல்லார் வூட்டுலயும் சாப்புட்டுட்டு எங்க வூட்டுல மட்டும் வெறும் தேத்தண்ணியா தம்பி?” என்று என் அத்தை கேட்டால் பதில் சொல்ல முடியாது, உட்கார்ந்து சாப்பிடத்தான் வேண்டும். பிறகு பிள்ளைகளை ஒரு தட்டோடு பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கு அனுப்புவார்கள். ஏப்ரல் புத்தாண்டுக்கு அந்த வீடுகளிலிருந்து கெவுமும் கொக்கிஸும் வந்திருக்கும். 1983 ஜூலைக் கலவரத்தில் பதுளை டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகும் அந்தத் தட்டு போய் வருகிறது என்பதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

படித்தவர்கள் இந்த வாரத்தைக் குறை சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தோட்டத்தில் தீபாவளி முற்பணத்தை வாங்கி ஒரே வாரத்தில் கரைத்துவிட்டு, பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டக் கொடுக்கிறார்களே என்பார்கள். கணக்கு சரிதான். 2024இல் உயர்த்திய பிறகும் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. அதில் முற்பணம் கழிவது வலிக்கும். சாராயத்துக்குப் போகிற பங்கை நானும் நியாயப்படுத்த மாட்டேன், அதன் பாரம் பெண்கள் தலையில் விழுகிறது. ஆனால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து பேசுவதற்கு என்ன பெரிய செலவு? வீணாகிறது என்று அவர்கள் சொல்வது நேரத்தைத்தான். தோட்டத்தில் நேரம் யாருடையது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு மலை, அப்புறம் நிறுவை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஞாயிறு வந்தால் கைக்காசுக்குக் கொழுந்து. வருஷம் முழுக்க இப்படி அளந்து கொடுத்த பிறகு, யாரும் அளக்காத சில நாட்கள் ஒரு மனிதருக்கு வேண்டாமா? அந்த நாட்களில்தான் என் பெரியம்மா தான் சின்ன வயதில் ஆடிய கும்மியைப் பற்றிப் பேசினார். மற்ற நாளில் அவர் மூட்டுவலியைப் பற்றிக்கூடப் பேச நேரம் இருந்ததில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒருவரை ஒருவர் போய்ப் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குப் பின்னால் வேறொரு கதையும் இருக்கிறது. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு எடுத்துக்கொள்ள வகை செய்தது. அண்ணன் ஒரு நாடு, தங்கச்சி ஒரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குக் கப்பலேறப் போனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அந்த ரயில் போனது 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த பாதையில்தான். தெமோதரையில் ஒரு வட்டம் சுற்றி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகும். அந்த வளைவில் சுற்றுலாக்காரர்கள் படம் எடுப்பார்கள். எங்கள் வீட்டுக் கிழவிகளுக்கு அது கடைசியாகக் கையசைத்த இடம். இப்போது அதே பாதையில் இரவு மெயிலில் நின்றுகொண்டே பிள்ளைகள் ஊருக்கு வருகிறார்கள்.

2014இல் தீபாவளி ஒக்டோபர் 22. சரியாக ஒரு வாரம் கழித்து, 29ஆம் திகதி காலையில், இதே பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண் இருந்தது. முந்திய வாரம் அந்த இஸ்தோப்புகளிலும் பாய் விரித்திருப்பார்கள், தேத்தண்ணி ஊற்றியிருப்பார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து, அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த வீட்டையும் நான் தள்ளிப்போடுவதில்லை.

அதனால் கொழும்பில் கடையும் ஹோட்டலும் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கு இரண்டு நாள் லீவு கொடுக்கிறீர்கள். கோட்டையிலிருந்து பதுளைக்குக் கோச்சியில் ஏறக்குறைய பத்து மணித்தியாலம். பிறகு பஸ், அதற்குப் பிறகு தோட்டத்துக்கு நடை. போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று லீவு வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மேல் லயத்திலிருந்து கடைசிக் காம்பரா வரை போய்வர ஒரு வாரம் வேண்டும். அந்த ஒரு வாரத்தைக் கொடுங்கள்.