தானே எழுதும் பாயிரம்: ஆய்வுச் சுருக்கமும் வாய்மையும்

ஆய்வுக் கட்டுரையின் முகப்பில் இருநூறு, முந்நூறு சொற்களில் அமையும் ஆய்வுச் சுருக்கத்தைப் படிப்பவர்களில் பலர் கட்டுரைக்குள் நுழைவதே இல்லை. சந்தா செலுத்தாதவர்க்குக் கட்டுரை கிட்டாதபோதும் சுருக்கம் கிட்டுவதால், மருத்துவர் முதல் இதழாளர் வரை பலரும் அதைக் கொண்டே முடிவெடுக்க நேர்கிறது. அப்பத்தியின் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாகவே இருந்தும், பத்தி முழுவதும் சேர்ந்து படிப்பவர் மனத்தில் பிழையான எண்ணத்தைப் பதிக்குமானால், அதை எழுதியவர் மெய் சொன்னவர் ஆவாரா என்பது மொழியியலைக் கடந்து, அறவியலையும் அறிவாய்வியலையும் தொடும் வினாவாகும்.

சுருக்கத்தின் அமைப்பை ஆராய்ந்த மொழியியலாளர்கள் அதைச் செயல்களின் வரிசையாகக் கண்டனர். 1990இல் ஜான் சுவேல்ஸ் விரித்துரைத்த 'நகர்வு' என்னும் கருத்தாக்கம், பிரதியின் ஒரு பகுதி வாசகரிடம் எந்த நோக்கத்தை நிறைவேற்றுகிறது என்பதைச் சுட்டுவது. அவ்வழியில் கென் ஹைலண்ட் 2000இல் பின்புலம், நோக்கம், முறை, கண்டறிந்தவை, முடிவு என ஐந்து நகர்வுகளை வகுத்துக் காட்டினார். இவற்றுள் கண்டறிந்தவற்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் இடமே வாய்மை சோதிக்கப்படும் இடமாகும்.

'மருந்து உட்கொண்டோரிடம் இரத்த அழுத்தம் குறைந்தது' என்ற வாக்கியம், குறிப்பிட்ட சிலரிடம் குறிப்பிட்ட காலத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறது. 'இம்மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது' என்பதோ எல்லா மனிதர்க்கும் எக்காலத்துக்கும் பொருந்தும் விதியாக நிற்கிறது. இறந்தகாலம் நிகழ்காலமாக மாறும் அந்த ஓர் இடைநிலைக்குள், கண்ட சிலவற்றிலிருந்து காணாத அனைத்துக்கும் செல்ல அறிவுக்கு என்ன உரிமை உண்டு என்று 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் எழுப்பிய கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. 'குறைக்கக்கூடும்' என்ற தயக்கச் சொல்லைச் சிலர் கோழைத்தனமாக எண்ணினாலும், சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவே ஏற்றுவதற்கான அளவுகோல் அது.

2010இல் இசபெல் பூத்ரோன் குழுவினர், முதன்மை விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணாத 72 மருத்துவச் சோதனை அறிக்கைகளை ஆராய்ந்தபோது, 58.3 விழுக்காட்டுச் சுருக்கங்களின் முடிவுப் பகுதியில் சாதகச் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. சோதனையின் முதன்மைக் கேள்விக்கு விடை 'இல்லை' என்று வந்தபின், நோயாளரின் ஓர் உட்பிரிவில் தென்பட்ட பயனை முன்னிறுத்துவது இதற்கு வழக்கமான உத்தி. அந்தப் பயனைப் பற்றிய வாக்கியம் பொய்யன்று. ஆனால், உரையாடுபவர் வேண்டிய அளவு தகவலை மறைக்காமல் தருவார் என்று கேட்பவர் நம்பியே பொருள்கொள்கிறார் என மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் விளக்கியதை ஏற்றால், சொல்லாமல் விட்டதும் ஒரு கூற்றாகிவிடுகிறது.

பிறர் சொல்லால் பெறும் அறிவை உரையளவை என்று ஏற்ற இந்திய மெய்யியலின் நியாய மரபு இதற்குத் தெளிவான அளவையைத் தந்துள்ளது. நியாய சூத்திரத்துக்குப் பாடியம் எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவருக்கு இலக்கணமாகப் பொருளை நேரே அறிந்திருத்தலோடு, அறிந்தவாறே பிறருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் சேர்த்தார். ஆய்வாளரிடம் முதலாவது தகுதி நிறைந்திருக்கலாம்; சுருக்கம் சோதிப்பது இரண்டாவதை.

தமிழ் மரபும் நூலின் முகப்புரையான பாயிரத்தைப் பற்றி ஆழ்ந்து எண்ணியிருக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் சிறப்புப்பாயிரத்தின் உறுப்புகளாகக் கூறும் இலக்கண நூலான நன்னூல், அதைச் செய்யத் தகுந்தவராக நூலாசிரியருக்குக் கற்பித்த ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரைக் குறித்து, நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்வதை விலக்குகிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரும் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்றே மரபு கூறும். இன்றைய ஆய்வுச் சுருக்கமோ நூலாசிரியரே தம் நூலுக்குச் செய்யும் பாயிரம். அங்கே சாட்சியும் வழக்காளியும் ஒருவரே. தன் ஆற்றல் அறியாதார் இடையிலும், மாற்றார் பழிக்கும்போதும் புலவர் தம்மைப் புகழலாம் என்று நன்னூல் விதிவிலக்கும் தருவதைக் காட்டி, அறியப்படாத இளம் ஆய்வாளர் தம் பணியை உயர்த்திக் கூறலாமே என வாதிடலாம். ஆயினும் அவ்விலக்கு தன் புலமையைப் பற்றிப் பேசவே இடந்தருவது. கண்டறிந்த பொருளை உள்ளதினும் பெரிதாகக் காட்ட அது உரிமை தரவில்லை.

1987 முதல் மருத்துவ இதழ்களில் பரவிய தலைப்பிட்ட சுருக்க முறை, எதை விட்டுவிட்டார்கள் என்று வாசகர் எளிதில் காண உதவுவதால் வரவேற்கத்தக்கது. ஆனால் 'முடிவு' என்ற தலைப்பின் கீழும் மிகை குடிபுக முடியும். ஆகவே சுருக்கத்தின் வாய்மையை வாக்கியம் வாக்கியமாக அளக்காமல், அதை மட்டுமே படித்தவரும் முழுக் கட்டுரையைப் படித்தவரும் ஒரே தீர்ப்புக்கு வருவார்களா என்று கேட்டு அளப்பதே முறை. இருவரும் வேறுபட்ட தீர்ப்புக்கு வருமாறு தெரிந்தே எழுதியவர், ஒரு பொய்யும் சொல்லாதவராயினும், வாய்மையில் தவறியவரே ஆவார்.