வீணாகப் போகும் தண்ணீர்

"கொள்ளிடத்துத் தண்ணி வீணா கடல்ல போவுது." வெள்ளம் வருகிற வருஷமெல்லாம் இந்தப் பேச்சு. மஞ்சக்குப்பத்து டீக்கடையில் உட்கார்ந்து நானும் சொல்லியிருக்கிறேன். வீண் என்றால் யாருக்கு வீண்?

எங்க ஆயாவுக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம். நடவு, அறுப்பு இல்லாத நாளில் ஆத்துக்குப் போகும். "நெலம் அவனுது. ஆறுமா அவனுது?" என்று கேட்கும். நண்டோ கெண்டையோ கிடைத்தால் அன்றைக்கு அடுப்பெரியும். வாய்க்கால் தண்ணீர் ஆயக்கட்டு பார்த்துப் பாய்கிறது. மீன் பட்டா பார்த்து வருவதில்லை.

கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடுகிற மீன் உல்லம். புதுவெள்ளத்தை எதிர்த்துக் கொள்ளிடத்தில் ஏறிய மீன். 1836ல் ஆர்தர் காட்டன் காலத்துக் கீழணை அதன் குறுக்கே எழுந்தது. அணைக்கட்டுகள் மீனை மறிப்பதை 1873லேயே பிரான்சிஸ் டே அரசுக்கு அறிக்கையாக எழுதினார். 1934ல் மேட்டூர் வந்ததும் புதுவெள்ளமே அணைக்குள் அடங்கிப்போனது. கங்கையில் 1975ல் திறந்த பரக்காவிலும் இதே கதைதான்.

அதற்காக அணையே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீழணைத் தண்ணீர் வடவாற்றில் வந்து வீராணத்தில் நிறைந்து பாய்ந்த வயலில்தான் ஆயா நடவு நட்டது. அந்தக் கூலிதான் என்னை எம்.ஏ. வரை படிக்க வைத்தது. ஆதனூர்–குமாரமங்கலம் கதவணையும் கடல் உப்பு உள்ளே ஏறாமல் தடுக்கத்தான். உப்புத் தண்ணியைக் குடிக்கச் சொல்லி யாரிடமும் நாம் தத்துவம் பேச முடியாது.

தோழர் ஒருவர் கோபப்பட்டார்: "மகத் குளத்துல மாடு குடிச்சிச்சு, நம்ம ஆளு குடிக்க முடியல. 1927ல அம்பேத்கர் போய்த்தான் குடிக்க வேண்டியிருந்துது. நீ மீனுக்கு உரிமை கேக்குறியா?" நியாயமான அடி. இரண்டு நாள் பதில் வரவில்லை. பிறகு தோன்றியது: அங்கே மாட்டுக்கு வழி இருந்தது, நமக்கு இல்லை. இங்கே மீனும் நாமும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

கதவு என்று பேர் வைத்தால் திறக்கவும் வேண்டுமல்லவா? மீன் ஏறும் காலத்தில் சில மதகுகளைத் திறந்து வைக்கலாம். ஓரமாக மீன்வழி கட்டலாம். கடல்வரை கொஞ்சம் தண்ணீரைக் கணக்கெழுதியே விடலாம். அமெரிக்காவில் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகள் 2024ல் முழுதாக அகற்றப்பட்டன. அந்த வருஷமே சால்மன் மேலே ஏறியது. அணைக்காரர்கள் மனம் மாறி இடிக்கவில்லை. யூரோக், காருக் பழங்குடிகள் பல வருஷம் போராடினார்கள்.

இங்கே 2000ஆம் வருஷத்துச் சட்டப்படி பாசன சங்கத்தில் நிலம் உள்ளவர்தான் உறுப்பினர். நடவு நடுகிறவளுக்கும் வலை வீசுகிறவனுக்கும் அதில் இடமில்லை. தண்ணீரை எப்போது விடுவது, எவ்வளவு விடுவது என்று பேசுகிற இடத்தில் முதலில் அவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லிக் கேட்போம். உல்லத்துக்காக அங்கே பேசப்போவதும் அவர்கள்தான்.