செயலியில் அரங்கன்

வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்தில் பரமபத வாசல் திறப்பதைக் கைப்பேசியில் நேரலையாகச் சேவிப்பவர்கள் இன்று ஏராளம். அறநிலையத் துறைக்கே ‘திருக்கோயில்’ என்ற செயலி இருக்கிறது. 2020இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் ‘ஸ்ரீ மந்திர்’ போன்ற தனியார் செயலிகளோ, பெயரும் கோத்திரமும் கொடுத்துப் பணம் கட்டினால் பூஜை செய்வித்துப் பிரசாதத்தை வீட்டுக்கே அனுப்புகின்றன. இது தகுமா? படுக்கையிலிருக்கும் முதியவருக்கு வேறு வழி ஏது என்ற கேள்வி நியாயமானது. திருக்கோட்டியூரில் மறைபொருளை எல்லாருக்கும் அறிவித்ததாக மரபு போற்றும் இராமானுசர், கோயில் நிர்வாகத்தைச் சீரமைத்த ஊர் திருவரங்கம்; தூரத்திலிருப்பவரை விலக்குவது இங்கே பொருந்தாது.

ஆனால் கட்டணத்தைக் குறை சொன்னால், அர்ச்சகர் தட்டில் விழுவதும் பணம்தானே என்பார்கள். உண்மை, ஆனால் அது விருப்பக் காணிக்கை. சரணாகதிக்குத் தகுதியே தேவையில்லை என்ற வைணவ சம்பிரதாயத்தில், கட்டணத்துக்கேற்ப அருள் கூடும் என்று தோன்றச்செய்வது பிழை. சிறப்பு தரிசனச் சீட்டுக்கும் இதே கண்டனம்தான். செயலி நடத்துபவர்கள் சேவைக்குக் கூலி வாங்கட்டும், பலனுக்கு விலை போட வேண்டாம்.