பரவாயில்லை என்று இனிச் சொல்லாதே

எழுந்து நில் என்று உன்னிடம் சொல்லமாட்டேன், தம்பி. உன் கால் எழாது. என் காலும் எழாது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் என் கால்களை எடுத்துக்கொண்டு நாற்பத்தெட்டு வருஷம் ஆகிறது. தன்னம்பிக்கை இருந்தால் இமயமலையே ஏறலாம் என்று எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். வங்கி வாசலில் இருக்கிற ஐந்து படியை எப்படி ஏறுவது என்று ஒருவரும் சொன்னதில்லை. நான் பேச வந்தது அந்த ஐந்து படியைப் பற்றி. அதற்கு முன்னால் வண்டி நிறுத்துகிற அந்தப் பத்தடி இடத்தைப் பற்றி.

சென்ற சித்திரையில் நடந்தது இது. காலை பதினோரு மணி. மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். வாரத்துக்கு இரண்டு நாளாவது வங்கிக்குப் போயாக வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ஐந்து படியையும் உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறி, வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால், என் வண்டிக்கு இரண்டு பக்கமும் பின்பக்கமும் பைக்குகள். கை நுழைய இடமில்லை. சாதாரண வண்டியென்றால் ஸ்டாண்டை எடுத்து, சாய்த்து, ஒடித்து எப்படியாவது உருவிவிடலாம். பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர் சாயாது. என் வண்டிக்கு ரிவர்ஸும் கிடையாது. நேர் பின்னால் இடம் இருந்தால், யாராவது இழுத்துவிட்டால்தான் வெளியே வரும். ஒரு மணி பத்து நிமிஷம் நின்றேன். வெயிலில் காலில் மாட்டிய காலிபர் கம்பி பேன்ட்டைத் தாண்டித் தொடையைச் சுட்டது. பின்னால் பைக்கை நிறுத்தியிருந்த பையன் ஒருவழியாக வந்து சேர்ந்தான். இருபது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப் போய், “சாரிண்ணே, கவனிக்கலை” என்றான். நல்ல பையன். என் வண்டியையும் அவனே இழுத்துவிட்டான்.

நான் சொன்னேன்: “பரவாயில்லை தம்பி.”

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தொடை எரிந்தது, அதைவிட அந்த வார்த்தை எரிந்தது. என்னென்ன இடத்தில் எல்லாம் அதைச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். சித்தப்பா மகள் கல்யாணத்தில் மண்டபம் மாடியில், பந்தி கீழே. முகூர்த்தம் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன், பரவாயில்லை. பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் ஓரடி மேடை, பயணம் போகிற நாளில் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை, பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் இரண்டாவது மாடியில். மகளின் டீச்சர் முகம் எனக்குத் தெரியாது. பரவாயில்லை. ஊருக்குள் நான் போகாத இடங்களை வரைந்தால் ஒரு ஊரே வரும் போலிருந்தது. அத்தனை இடத்தையும் இழந்துவிட்டு நான் எல்லோருக்கும் நல்லவனாக இருந்திருக்கிறேன்.

தம்பி, தங்கையே, நம்மை ஏமாற்றிவிட்டார்கள். படியை உட்கார்ந்து ஏறுகிறவனைப் பார்த்து, “பாருடா, என்ன மன உறுதி!” என்று கைதட்டிக் கைதட்டியே, அந்தப் படியை அங்கேயே விட்டுவிட்டார்கள். முட்டி தேய ஏறுவதுதான் தன்னம்பிக்கை என்று நாமும் நம்பிவிட்டோம். நான் சொல்கிறேன், கேள். ஐந்து படியை ஏறி முடிக்கிறவனுக்கு உறுதி இருக்கிறது. அந்தப் படிக்குக் கீழேயே நின்று, “எனக்கு வழி எங்கே?” என்று மேலாளர் காதில் விழுகிற மாதிரி கேட்கிறவனுக்குத்தான் தன்மேல் நம்பிக்கை இருக்கிறது. நீ வரவேண்டியவன், அந்த வாசல் உனக்கும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டியது என்று முதலில் நீ நம்பு. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. முதல் மனுவை எழுதி மூன்று வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். வியர்வையில் மை கலங்கிப் போய் வேறு தாளில் எழுத வேண்டியதாயிற்று. கூச்சத்தோடேயே போய்க் கொடு.

நீ கையேந்திப் போகவில்லை. உன் பின்னால் சட்டம் நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பெயரிலேயே ‘உரிமை’ இருக்கிறது. பேருந்து நிலையம், ரயில் நிலையம், விமான நிலையங்களில் வண்டி நிறுத்துமிடமும் கழிப்பறையும் டிக்கெட் கவுன்ட்டரும் நமக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று 41ஆவது பிரிவு சொல்கிறது. விதிப்படி இல்லாத கட்டடத்துக்கு வரைபட அனுமதியே கொடுக்கக்கூடாது என்கிறது 44ஆவது பிரிவு. ஏற்கெனவே கட்டிய பொதுக்கட்டடங்களையெல்லாம் சரிசெய்ய ஐந்து வருஷம் கெடு கொடுத்தது 45ஆவது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். 2022 ஜூனோடு கெடு முடிந்தது. 89ஆவது பிரிவில் அபராதம் இருக்கிறது: முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அதற்குப் பிறகும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. “அதெல்லாம் வெறும் வழிகாட்டுதல்தானே” என்று சொல்லித் தட்டிக்கழித்த காலமும் போயிற்று. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்ததே சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இந்தப் பிரிவு எண்களை மனப்பாடம் செய். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உன் காலைப் பார்ப்பதை விட்டு உன் முகத்தைப் பார்ப்பார். நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. அளக்கிற டேப் ஒன்று வாங்கு. என் ஸ்கூட்டரின் முன்பெட்டியில் ஒரு டேப் எப்போதும் கிடக்கிறது. மாற்றுத்திறனாளி ஓட்டும் காரை நிறுத்த 3.6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும், அது வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஏன் அவ்வளவு அகலம்? கார்க் கதவை முழுசாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியைப் போட்டு, அதற்கு மாற வேண்டுமே! நாற்காலிக்கான அந்த நாலடி இல்லாவிட்டால் மஞ்சள் கோடு போட்டும் பயனில்லை. ஆனால் நம் ஊர்களில் கார் வைத்திருக்கிற மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? நம்மிடம் இருப்பது அரசு கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டர். என் வண்டியை அளந்தேன்: பின்சக்கரங்களின் அகலம் மூன்றே முக்கால் அடி. ஊன்றுகோலை ஊன்றி இறங்க இன்னொரு மூன்றடி. வெளியே எடுக்கப் பின்னால் ஒரு வண்டி நீளம் காலி. மனுவில் இதைத்தான் எழுதினேன். வெறுமனே ‘இடம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்’ என்று எழுதினால் ஒரு மூலையில் சக்கர நாற்காலிப் படத்தை வரைந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சாய்தளத்துக்கும் இதே கதைதான். ஓர் அலுவலகத்துக்கு நாங்கள் நாலு பேர் மனுவோடு போனோம். “சாய்தளம் இருக்கே சார், பார்க்கலையா?” என்றார் அங்கே இருந்தவர். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இருந்தது. அடித்துக் குழைத்துப் பூசிய சிமென்ட்டில், பைக்கை உள்ளே ஏற்றுகிற சறுக்கு. டேப்பைப் போட்டேன். உயரம் பதினைந்து அங்குலம்; நீளம் ஐந்தே அடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் கணக்கு. பதினைந்து அங்குலத்துக்குப் பதினைந்து அடி வேண்டும். எங்களோடு வந்த அக்கா தன் சக்கர நாற்காலியிலிருந்து பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்துகொண்டு, “சார், நீங்க ஒரு தரம் உட்கார்ந்து ஏறிக் காட்டுங்க” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அந்த மனிதரும் உட்கார்ந்தார், அதை நான் மறக்கமாட்டேன். இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து உந்தினார். இரண்டடி ஏறியதும் முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கியது. பயந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பதினைந்தடிக்கு இங்கே இடம் இல்லையே... ‘எல்’ மாதிரி திருப்பிக் கட்டினா சரியா வருமா?” என்று கேட்டார். ஐந்து மாதம் ஆனது. நினைவூட்டல் மனு மூன்று, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இரண்டு, பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிய தகவல் உரிமை விண்ணப்பம் ஒன்று. ‘எல்’ கட்டியாயிற்று. இரண்டு பக்கமும் கைப்பிடி. இப்போது அதில் அதிகமாக ஏறுகிறவர்கள் முட்டிவலிப் பாட்டிகள்.

நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் தென்காசி பக்கத்து ஆய்க்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பொறியியல் மாணவராக இருந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். 1981இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம், சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் தடையில்லாமல் போய்வருகிற ஒரு வளாகமாக இன்று நிற்கிறது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கையைக்கூடத் தூக்க முடியாத மனிதர் ஒரு கிராமத்தில் இதைச் செய்திருக்கிறார். நமக்கு ஒரு டேப்பைப் பிடிக்கவாவது கை இருக்கிறது.

மெரினாவைப் பார். தலைமுறை தலைமுறையாகக் கடற்கரைச் சாலை ஓரத்தில் நின்று தூரத்து அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நாம். மணலில் சக்கரம் புதையும். 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். வயதான அம்மாக்கள் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு போக, வாழ்நாளில் முதல்முறையாக உப்புத் தண்ணீரைக் கிட்டத்தில் பார்த்தார்கள். பன்னிரண்டே நாளில் மாண்டஸ் புயல் அதன் நுனியைப் பெயர்த்துப் போட்டது. “நாங்கள்தான் அப்போதே சொன்னோமே” என்று சொல்ல ஊரில் ஆள் இல்லாமலா இருக்கும்? ஆனால் பாதையைச் சரிசெய்து மறுபடி திறந்தார்கள். சென்னையில் தாழ்தளப் பேருந்துக்காக வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்கள் வருஷக்கணக்கில் உயர் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கின அந்தப் பேருந்துகள். நிறுத்தத்தில் நின்றதும் பேருந்து ஒரு பக்கமாகத் தாழ்ந்து, படி தரையோடு நெருங்கி வருவதை நான் முதல்முதல் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனை நாளும் நாம்தான் பேருந்தின் முன்னால் மண்டியிட்டோம்.

சென்னைக்குத்தான் எல்லாமா என்று கேட்கிறாயா? நியாயமான கேள்வி. அதனால்தான் உன் ஊரில் நீ கேட்க வேண்டும் என்கிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். ஒரு வார்டுக்கு ஐந்து பேர் சேர்ந்தாலே மன்றம் காதுகொடுக்கும். கிராமத்தில் இருந்தால் கிராம சபைக்குப் போ. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் உனக்கும் சேர்த்துத்தான். கூட்டம் மேட்டில் நடந்தால் முதல் தீர்மானமே அதுதான்: அடுத்த கூட்டம் நாங்கள் வரக்கூடிய இடத்தில். 2025இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக உட்கார வைக்க வழி செய்திருக்கிறது. எனக்காக யாராவது பேசமாட்டார்களா என்று ஏங்கியது போதும். அந்த நாற்காலிக்கு நீ விண்ணப்பம் போடு. பத்தாம் வகுப்புதான் படித்திருக்கிறேன் என்று பின்வாங்காதே, தங்கையே. எந்தத் தெருவில் எந்தச் சாக்கடை மூடி சக்கரத்தைக் கவ்வும் என்று உன்னைவிடத் தெரிந்தவர் அந்த மன்றத்தில் யார் இருக்கிறார்கள்?

அந்த வங்கி வாசலைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. இடம் ஒதுக்கினார்கள், இரண்டு வண்டிக்கு. பலகையும் வைத்தார்கள். முதல் மூன்று நாளும் அதில் பைக்குகள்தான் நின்றன. நான்காம் நாள் நான் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் ஹார்னில் வைத்த கையை எடுக்காமல் இருந்தேன். பின்னால் டவுன்பஸ் நின்றது, லாரி நின்றது, ஊரே திரும்பிப் பார்த்தது. உடம்பு நடுங்கியது, கையை எடுக்கவில்லை. எதிர்த்த டீக்கடை அண்ணன் வெளியே வந்து பார்த்தார். என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பைக்குகளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மூன்று பைக்கையும் ஒவ்வொன்றாக இழுத்து அந்தப் பக்கம் போட்டார். மறுநாளிலிருந்து அந்த இடத்தில் அவர் கடை ஸ்டூல் ஒன்று நிற்கிறது. என் வண்டிச் சத்தம் கேட்டால் எடுப்பார். நான் போனதும் மறுபடி வைப்பார். இந்த ஏற்பாடு ஒருவருடைய நல்ல மனசை நம்பி நிற்கிறது. அது போதாது, சங்கிலி போடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். அந்த அண்ணனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்பதும் உண்மை. ஐந்து படி மட்டும் இன்னும் இருக்கிறது. இப்போது நான் அதில் ஏறுவதில்லை. கீழே நின்று போன் போடுகிறேன், காசாளர் இறங்கி வருகிறார், வாசலில் வரிசை நிற்கிறது, வரிசையில் நிற்பவர்கள் ஏனென்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நூலகத்துக்காகப் போகிறேன். சின்ன வயதில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே பெஞ்சில் உட்கார வைப்பார். பதினான்கு வயதில், இனிமேல் தூக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு உள்ளே போனதில்லை. முப்பத்தாறு வருஷம். நேற்று சாயங்காலம் வெளியே இருந்து பார்த்துவிட்டு வந்தேன். மூன்று படி, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். இருபத்தோரு அடிச் சாய்தளம் வேண்டும். வேப்பமரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் இருபத்தாறு அடி இருக்கிறது. அளந்துவிட்டேன்.